கரண்டிக் காம்பு தட்டுகிற சத்தம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ராத்திரி நல்லபடியாகக் கோயமுத்தூர் வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு முழங்கால்தான் கொஞ்சம் பிடித்துக்கொண்டது, வேறொன்றுமில்லை.

கிளம்பும்போது நீ சொன்னாயே, "இந்த டிஷ்வாஷரை வித்துறலாம்னு இருக்கேன்ப்பா, எப்படியும் திரும்பக் கையிலதான் கழுவ வேண்டியிருக்கு" என்று. மருமகள் அம்முணி பக்கத்தில் நின்றதால் அப்போது ஒன்றும் பேசவில்லை. கையில் கழுவுவது நீயில்லை, அவள்தான் என்பதையும் அங்கேயே சொல்லியிருப்பேன், அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். விற்காதே. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. நீ அடுக்குவதில்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை ராத்திரி ஹாலில் படுத்திருந்தபோது சமையலறையிலிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. 31 வருஷம் பம்ப் அசெம்பிளியில் நின்றவன் நான். சத்தம் வந்தால் எழுந்து பார்ப்பேன். வந்த சத்தம் தானாக நின்றால் தூக்கமே வராது. காலையில் எல்லாருக்கும் முன்னால் திறந்து பார்த்தேன். நீ போட்ட தோசைக் கரண்டியின் காம்பு கூடைக்கு அடியில் விரல் நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே சுற்றிச் சுற்றித் தண்ணீரைப் பீச்சுகிற கை, ஸ்ப்ரே ஆர்ம், அதில் இடித்து இடித்து, கடைசியில் அப்படியே மாட்டி நின்றுவிட்டது. அந்த ஆர்முக்குத் தனி மோட்டார் கிடையாது, கண்ணு. துளைகள் சாய்வாக இருப்பதால் பீச்சுகிற தண்ணீரே அதைப் பின்னால் தள்ளுகிறது. தீபாவளித் தரைச்சக்கரம் சுற்றுகிற கணக்குத்தான். ஒரு கரண்டிக் காம்பு போதும், நின்றுவிடும். நின்றால் ஒரே இடத்தில்தான் தண்ணீர் அடிக்கும். இந்தப் பக்கத் தட்டு பளபளக்கும், அந்தப் பக்கத் தட்டில் சாம்பார் அப்படியே இருக்கும். நீ சோப்பு டேப்லெட்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தாய்.

ஆர்மைக் கழற்றினேன். முனைத் துளையில் ஒரு கடுகு, கச்சிதமாக, வைத்து அடைத்த மாதிரி. அடியில் இருக்கிற ஃபில்டரைத் திருகிப் பூட்டாமல் சும்மா வைத்திருக்கிறாய். இடுக்கு வழியாகக் கடுகு பம்புக்குள் போய் மேலே ஏறிவிட்டது. ஃபில்டருக்குள் கறிவேப்பிலை, எலுமிச்சை விதை, ஒரு துண்டு பாட்டில் லேபிள். வாரம் ஒரு முறை எடுத்துக் குழாயில் கழுவி, 'டக்' என்று பூட்டுகிறவரை திருகு. பம்பு இழுக்கிற பக்கம் சுத்தமாக இல்லையென்றால் தள்ளுகிற பக்கம் என்ன செய்தும் பிரயோஜனமில்லை.

இனிமேல் கதவைச் சாத்தும் முன்பு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு ஆர்மையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார். எதிலும் இடிக்கக் கூடாது. நீளக் கரண்டிகளை மேல் அடுக்கில் படுக்கப் போடு.

இந்த மெஷினைச் சரியாகச் செய்து காட்டியவர் ஜோசஃபின் காக்ரன் என்ற அமெரிக்கப் பெண்மணி. வேலைக்காரர்கள் கழுவும்போது அவருடைய பீங்கான் தட்டுகள் ஓரம் உடைந்துகொண்டே இருந்தனவாம். 1886இல் பேட்டன்ட் வாங்கி, 1893இல் சிகாகோ கண்காட்சியில் வைத்தார். அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? தட்டு, கோப்பை, சாஸர் எல்லாவற்றையும் அளந்து, அந்தந்த அளவுக்குக் கம்பியை வளைத்துத் தடுப்பு செய்தார். தடுப்பு பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் வேகமாக அடிக்கும், அவ்வளவுதான். ஆக அந்தக் கம்பித் தடுப்பும் மெஷினில் பாதி. அதை நீ மூட்டை கட்டுகிற மாதிரி நிரப்புகிறாய்.

அந்தக் கம்பிகள் வெள்ளைக்காரர்களின் தட்டைப் பீங்கான் தட்டுக்குப் போட்ட அளவு என்பதையும் மறக்காதே. விளிம்பு உயர்ந்த நம்ம எவர்சில்வர் தட்டு ஒரு கம்பிக்கு ஒன்று என்று நிற்காது. ஒரு கம்பி விட்டு ஒரு கம்பி வை. நாலு தட்டு குறைந்தாலும் பரவாயில்லை. சோறு போட்ட முகம் நடுவைப் பார்க்கட்டும். கிண்ணம், டம்ளர் எல்லாம் கவிழ்த்து, கொஞ்சம் சாய்த்து. நிமிர்த்தி வைத்தால் அழுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்றுக்குள் ஒன்று செருகாதே. ஸ்பூன்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒன்று தலைகீழ், ஒன்று நேர் என்று கலந்து போடு. கத்தி மட்டும் எப்போதும் முனை கீழே. இட்லித் தட்டைப் பிரித்துத் தனித்தனியாக நிற்க வை.

வெள்ளிக்கிழமை பிரியாணித் தாம்பாளத்தைக் கதவுப் பக்கம் சாய்த்து வைத்தாய் அல்லவா? டேப்லெட் மூடி மெஷின் கொஞ்ச நேரம் ஓடின பிறகுதான் திறக்கும். தாம்பாளம் அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. காலையில் டேப்லெட் பாதி கரைந்து, பெட்டியிலேயே பிசுபிசு என்று இருந்ததைப் பார்த்தேன்.

அம்முணி எல்லாவற்றையும் சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டு மெஷினில் வைக்கிறாள். பாவம், வேண்டாம் என்று சொல். எச்சிலை வழித்துப் போட்டால் போதும். டேப்லெட்டில் இருக்கிற என்சைம் மாவுச்சத்தையும் புரதத்தையும் கரைக்கத்தான் இருக்கிறது. 'ஆட்டோ' செட்டிங்கில் ஓட்டினால் பல மெஷின்கள் தண்ணீர் கலங்கலைப் பார்த்துத்தான் எவ்வளவு நேரம் கழுவ வேண்டும் என்று முடிவு செய்யும். எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் இருக்கிற அன்றைக்கு மட்டும் 70 டிகிரியில் ஓட்டு.

டம்ளரில் வெள்ளைப் பூத்திருந்ததே, அது அழுக்கில்லை. எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தேன், போய்விட்டது. அப்படியென்றால் கடினத் தண்ணீரின் வேலை. இங்கே நமக்குச் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர், கடினமில்லை. உங்கள் அபார்ட்மென்டில் போர்வெல்லும் டேங்கரும். மெஷினுக்குள் ஒரு பிசின் இருக்கிறது. தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து நிரம்பிப்போனால் உப்புத் தண்ணீர் விட்டு அலசினால்தான் மறுபடி வேலை செய்யும். உன் மெஷினில் உப்பு லைட் எரிகிறது, நீ அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாய்! டிஷ்வாஷருக்கென்று விற்கிற உப்பை வாங்கிப் போடு, சமையல் உப்பு ஆகாது. உங்கள் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று அபார்ட்மென்ட் ஆபீஸில் கேட்டு, செட்டிங்கை மாற்று. கடைசி அலசலில் தண்ணீர் திட்டில்லாமல் வழிவதற்கு ஊற்றுகிற ரின்ஸ் எய்டும் தீர்ந்திருக்கிறது.

எதைப் போடக் கூடாது என்பதில் நான் உனக்கு உபதேசம் செய்ய முடியாது. நம்ம வீட்டில் மெஷின் வந்த முதல் வாரமே அம்மாவின் பழைய அலுமினிய குக்கரை உள்ளே தள்ளிவிட்டேன். கருத்துப்போய் வெளியே வந்தது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. உங்க ஆத்தா சாம்பல் போட்டுத் தேய்த்தாளே, அதுவும் காரம், டேப்லெட்டும் காரம்; அலுமினியத்துக்கு அது ஆகாது. இரும்புத் தோசைக்கல், பித்தளை, மர மத்து எதுவும் வேண்டாம். மிக்ஸி ஜாரின் பிளேடு பக்கம் தண்ணீர் இறங்கினால் பிளேடைத் தாங்குகிற புஷ் போய்விடும், அதையும் கையிலேயே கழுவு. மஞ்சள் ஏறின பிளாஸ்டிக் டப்பாவை மெஷின் வெளுக்காது, பால்கனி வெயிலில் இரண்டு நாள் வை.

எடுக்கும்போது கீழ் அடுக்கை முதலில் காலி பண்ணு. இல்லையென்றால் மேலே இருக்கிற டப்பாத் தண்ணீரெல்லாம் காய்ந்த தட்டில் கொட்டும்.

அந்தக் கடுகை எடுத்த ஊக்கு சிங்க்குக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறது. குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதே.

அப்பா