உங்கள் அணியின் கணக்குப் புத்தகம்

ஆன் ஆர்பர்,
2025 மார்ச் 9

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே நாங்களும் நலம். மூத்தவளுக்கு டெட்ராய்ட்டில் வேலை கிடைத்துவிட்டது. மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் முழுக்க, உன் ஒஹாயோ ஸ்டேட்டும் எங்கள் மிச்சிகனும் ஆடும் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி நீ எழுதிய கடைசி வரிக்கான பதில்தான். "நாட்டின் சாம்பியன் நாங்கள், நவம்பரில் நீங்கள் ஜெயித்தது குருட்டு அதிர்ஷ்டம்" என்று முடித்திருந்தாய். முதல் பாதியை மறுப்பதற்கில்லை. இரண்டாம் பாதியை ஏற்க மனம் வரவில்லை. அதற்கு என் வீம்பு மட்டும் காரணமல்ல, மேசை இழுப்பறையில் கிடக்கும் என் நோட்டுப் புத்தகமும் காரணம்.

விடுதியில் ரேடியோ வர்ணனையைக் கேட்டுக்கொண்டே கிரிக்கெட் ஸ்கோரைப் பந்துக்குப் பந்து எழுதிவைப்பேன் என்பது உனக்கு நினைவிருக்கும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கிரிக்கெட் போய் அமெரிக்கக் கால்பந்து வந்தது, அவ்வளவுதான். மிச்சிகன் ஆட்டங்களை எழுதுவதைவிட ஒஹாயோ ஸ்டேட் ஆட்டங்களை எழுதுவதில்தான் எனக்கு அக்கறை அதிகம் என்று என் மனைவி கேலி செய்கிறாள். பங்காளியின் வரவு செலவைத் தெரிந்துகொள்ளும் ஆசை யாரைத்தான் விட்டது?

முதலில் உங்கள் பலத்தைச் சொல்லிவிடுகிறேன், பொறாமை என்று நீ சொல்லக் கூடாது பார். 2024 பருவத்தில் ஒஹாயோ ஸ்டேட்டின் தற்காப்பு ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 12.9 புள்ளிகளையும், எதிரணி முன்னேறும் தூரமாக 254.6 யார்டுகளையும் மட்டுமே விட்டுக்கொடுத்தது. இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம். அதுவும் 16 ஆட்டங்களின் சராசரி. ஆரிகன், டென்னசி, டெக்சாஸ், நோட்டர் டேம் போன்ற வலுவான அணிகளுடன் ஆடியவை எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளேயே வருகின்றன. தாக்குதலில், பந்தை வீசும் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் 4,010 யார்டு வீசி, 35 டச்டவுன் (எதிரணியின் இறுதிக் கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது) எடுத்து, நூற்றுக்கு 73 வீச்சுகளைச் சரியாகக் கொண்டுசேர்த்தார். பந்தைச் சுமந்து ஓடும் ட்ரெவியான் ஹெண்டர்சன் ஓர் ஓட்டத்துக்கு 7.1 யார்டு. குவின்ஷான் ஜட்கின்ஸ் 14 டச்டவுன். இத்தனைக்கும் மேலாக, அப்போதுதான் பள்ளி முடித்து வந்த ஜெரமையா ஸ்மித் 76 பந்துகளைப் பிடித்து 1,315 யார்டும் 15 டச்டவுனும் எடுத்தார். அந்தப் பையன் ஒற்றைக் கையால் பந்தைப் பறிக்கும்போது, எதிர்முகாமில் இருக்கிறோம் என்பதையும் மறந்து நான் எழுந்து நின்றிருக்கிறேன். இதை இங்கே யாரிடமும் சொல்லிவிடாதே.

சராசரி என்பது ஒரு பருவம் முழுவதையும் ஒரே பானையில் போட்டுக் கிளறிய சோறு. எந்தப் பருக்கை வேகவில்லை என்பது அதில் தெரியாது. ஆகவே நான் ஆட்டம் ஆட்டமாகப் பிரித்து எழுதி வந்தேன். அக்டோபர் மாத இறுதிக்குள் இரண்டு ஓட்டைகள் கண்ணில் பட்டன.

முதலாவது தற்காப்பில் இருந்தது. அக்டோபர் 12 அன்று யூஜீனில் ஆரிகன் உங்களை 32–31 என்று வென்றதே, அந்த ஆட்டத்தில் அவர்கள் குவார்ட்டர்பேக் டில்லன் கேப்ரியல் 341 யார்டு வீசினார். அவர் பந்தை வீசுவதற்கு முன் உங்கள் முன்வரிசை அவரை ஒரு முறைகூடச் சாய்க்கவில்லை. எவன் ஸ்டூவர்ட் என்ற ஒரே ஆள் பந்தைப் பிடித்தே 149 யார்டு எடுத்தார். நீண்ட வீச்சுக்கு உங்கள் ஓரத் தற்காப்பாளர்கள் திணறுகிறார்கள் என்று அன்று நாடே பார்த்தது. ஆனால் இந்த ஓட்டை எங்களுக்கு ஒரு பைசாவுக்கும் பயன்படாது என்று அப்போதே பக்க ஓரத்தில் எழுதிவைத்தேன். நீண்ட வீச்சைப் பயன்படுத்த வேண்டுமானால் நீளமாக வீசத் தெரிந்த ஒருவர் வேண்டும். எங்கள் பழைய குவார்ட்டர்பேக் ஜே. ஜே. மெக்கார்த்தி போன பிறகு எங்கள் வீச்சு ஆட்டம் நாட்டின் கடைசி வரிசைகளில் கிடந்தது. எதிராளியின் கோட்டையில் கிழக்கு வாசல் திறந்திருந்து என்ன பயன், நம் படை மேற்கில் அல்லவா நிற்கிறது?

இரண்டாவது ஓட்டைதான் விஷயம். அதே ஆரிகன் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கும் ஐவரில் இடது ஓரத்தில் நிற்கும் உங்கள் இடது டேக்கிள் ஜாஷ் சிமன்ஸ் முழங்கால் அடிபட்டுப் பருவத்தையே இழந்தார். அடுத்த ஆட்டம் நெப்ராஸ்காவுடன். 21–17 என்று தப்பித்தீர்கள். அன்று நீங்கள் ஓடி எடுத்தது மொத்தமே 64 யார்டு. தோல்வி இல்லை என்பதால் அந்த எண்ணை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிறகு அவருக்குப் பக்கத்தில் நிற்கும் இடது கார்டு டானவன் ஜாக்சனை டேக்கிள் இடத்துக்கு மாற்றி, கார்சன் ஹின்ஸ்மனைக் கார்டு இடத்தில் நிறுத்தினார்கள். பென் ஸ்டேட்டுக்கு எதிராக அந்த வரிசை நன்றாகவே ஆடியது. 20–13 என்று முன்னிலையில் இருந்தபோது கடைசி ஐந்து நிமிடத்துக்கு மேல் பந்தை விடாமல் வைத்திருந்து ஆட்டத்தை முடித்தார்களே, அதைப் பார்த்து ஓட்டை அடைபட்டுவிட்டது என்று நானும் நினைத்தேன்.

அப்போது நடுவில் சென்டராக நின்றவர் செத் மெக்லாக்லின். இண்டியானா ஆட்டத்துக்கு முந்தைய சில நாட்களுக்குள் பயிற்சியில் அவருடைய குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. நாட்டின் சிறந்த சென்டருக்குத் தரும் ரிமிங்டன் விருது அந்த ஆண்டு அவருக்கே கிடைத்தது. அதிலிருந்தே இழப்பின் அளவை நீ கணக்கிட்டுக்கொள்ளலாம். கார்டாக இருந்த ஹின்ஸ்மன் சென்டருக்கு நகர்ந்தார். ஆக, ஐந்து பேர் வரிசையில் இடது டேக்கிள், இடது கார்டு, சென்டர் மூன்றும் ஆறு வாரத்துக்குள் கைமாறிவிட்டன. இண்டியானாவை 38–15 என்று நீங்கள் அடித்து நொறுக்கியதால் இது வெளியே தெரியவில்லை. உங்கள் தற்காப்பாளர் கேலப் டவுன்ஸ், எதிரணி உதைத்து அனுப்பிய பன்ட் பந்தைப் பிடித்து 79 யார்டு ஓடிய அந்த டச்டவுன் மொத்தப் புள்ளிகளில் சேர்ந்துவிடும். ஆனால் அதற்கும் தாக்குதல் வரிசைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸ்கோர் பலகை அதையெல்லாம் பிரித்துக் காட்டுவதில்லை.

இப்போது நவம்பர் 30, கொலம்பஸில் நம் இரு அணிகளும் மோதி நாங்கள் 13–10 என்று வென்ற நாள். அதுவரை நீங்கள் பத்து வெற்றி ஒரு தோல்வி (10–1), நாட்டில் இரண்டாமிடம். நாங்கள் 6–5. சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று பந்தயக்காரர்கள் சொன்னார்கள். நீ 1,06,005 பேரில் ஒருவனாக அரங்கில் இருந்தாய். நான் வீட்டில், மடியில் நோட்டுடன். பக்கத்தை இடது, நடு, வலது என்று மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்து, உங்கள் ஒவ்வொரு ஓட்டமும் எந்த இடைவெளியை நோக்கிப் போனது என்று குறித்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் கால்பகுதி முடியும்போது நடுப்பத்தி நிரம்பி வலப்பக்கம் வழியத் தொடங்கிவிட்டது. காபி ஆறி ஏடு படிந்திருந்தது. எங்கள் முழுக் குழுவிலும் உண்மையான முதல்தர ஆட்கள் நடுவில் நின்ற இருவர்தான்: மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். இருவரும் 300 பவுண்டுக்கு மேல். புதிய சென்டரை நிறுத்திக்கொண்டு, ஸ்மித்தும் எமேக்கா எக்புக்காவும் பந்தைப் பிடிக்க ஓரத்தில் காத்திருக்க, உங்கள் பயிற்சியாளர்கள் அந்த இருவரின் மார்பை நோக்கியே மறுபடி மறுபடி ஓடச் சொன்னது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மிச்சிகனை மிச்சிகன் பாணியில் வென்று காட்ட வேண்டும் என்ற ரோஷமாக இருக்கலாம். மூன்று ஆண்டுத் தோல்வியின் வடு அப்படிச் செய்யவைக்கும். 26 ஓட்டம், 77 யார்டு. ஓர் ஓட்டத்துக்கு மூன்று யார்டுகூட இல்லை. ஸ்மித்துக்கு அன்று கிடைத்தது 35 யார்டு.

உங்கள் தற்காப்பின்மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 12.9 சராசரி உள்ள தற்காப்பு அன்று விட்டுக்கொடுத்தது 13! அதிலும் ஏழு புள்ளிகள், எங்கள் ஆமிர் ஹால் ஹவர்டின் வீச்சைப் பறித்து உங்கள் 2 யார்டு கோட்டுக்கே கொண்டுபோன பிறகு வந்தவை. எங்கள் குவார்ட்டர்பேக் டேவிஸ் வாரன் வீசியது நீ குத்திக்காட்டியபடி 62 யார்டுதான். நீங்கள் பறித்த இன்டர்செப்ஷன் இரண்டு வேறு. வெறும் மொத்த யார்டைப் பார்த்தால் உங்களுக்கு 252, எங்களுக்கு 234. இந்தத் தாளை மட்டும் ஒருவரிடம் காட்டினால் ஒஹாயோ ஸ்டேட் ஜெயித்ததாகவே சொல்வார். ஆனால் எங்கள் ஓட்டம் 172. கலேல் மல்லிங்ஸ் 32 முறை பந்தைச் சுமந்து 116 யார்டு எடுத்தார். ஆட்டம் 10–10 என்று இருக்க, மூன்றாம் டவுனில் (பத்து யார்டு நகரக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில்) 6 யார்டு தேவைப்பட்ட நேரத்தில் அவர் கூட்டத்துக்குள் புகுந்து வெளியேறி 27 யார்டு ஓடினாரே, அதுதான் அன்றைய ஆட்டம். வீசத் தெரியாத அணி வீசாமல் இருந்தது. ஓட முடியாத அணி ஓடிக்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் உதைப்பாளர் ஜேடன் ஃபீல்டிங் 34 யார்டிலிருந்தும் 38 யார்டிலிருந்தும் கம்பங்களுக்கு நடுவே உதைத்தவை (சரியாகப் போனால் தலா மூன்று புள்ளி) இரண்டும் தவறின. எங்கள் டாமினிக் ஸ்வாடா 54 யார்டிலிருந்து ஒன்றையும், 45 விநாடி மீதமிருக்கும்போது 21 யார்டிலிருந்து ஒன்றையும் அடித்தார். மூன்று புள்ளித் தோல்வியில் ஆறு புள்ளிகள் காலால் போயின. அதிர்ஷ்டம் என்ற உன் வாதத்துக்கு ஏதாவது இடம் இருந்தால் அது இங்கேதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அணி இரண்டாம் பாதி முழுவதும் சொந்த மைதானத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை என்பதை எந்த அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டுவது? ஆட்டம் முடிந்தபின் எங்கள் பையன்கள் உங்கள் சின்னத்தின்மேல் கொடி நடப் போய்க் கைகலப்பானது எனக்குப் பிடிக்கவில்லை. நம் இரு அணிகளும் ஆடும் பிக் டென் கூட்டமைப்பு இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் விதித்தது சரிதான். அன்று மாலை நீ ஃபோனை எடுக்காததற்கும் அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

பிறகு நடந்ததுதான் என் நோட்டைத் திருத்தி எழுதவைத்தது. சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக் அவுட் சுற்றில் டென்னசியை 42–17 என்று வென்றபோதே மாற்றம் தெரிந்தது. ஜனவரி முதல் நாள் அடுத்த சுற்றான ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஆரிகனுக்கு எதிராக ஆட்டம் தொடங்கியதும் ஸ்மித்திடம் பந்து போனது, 45 யார்டு, டச்டவுன். ஒரு கட்டத்தில் 34–0. அதே ஹின்ஸ்மன்தான் சென்டர், ஏறக்குறைய அதே வரிசைதான். ஆனால் ஹவர்ட் பந்தைச் சீக்கிரம் கைவிட்டதால் வரிசை அதிக நேரம் தாங்க வேண்டியிருக்கவில்லை. வீச்சுக்குப் பயந்து எதிரணி விரிந்து நின்றதும் ஹெண்டர்சனுக்கு 66 யார்டு வழி கிடைத்தது. அக்டோபரில் ஒரு முறைகூடச் சாய்க்க முடியாத கேப்ரியலை அன்று எட்டு முறை சாய்த்தார்கள். ஓட்டையை அடைக்க ஆள் இல்லாதபோது, அதன்மேல் மழை படாதபடி வண்டியைத் திருப்பி நிறுத்தினார்கள் என்று சொல்லலாம். டெக்சாஸ் மட்டும் ஸ்மித்தை மூன்றே யார்டுக்கு அடக்கியது. அங்கே உங்கள் தற்காப்பாளர் ஜாக் சாயர் பந்தைப் பறித்து 83 யார்டு ஓடி உங்களைக் காப்பாற்றினார். நோட்டர் டேமுடனான இறுதி ஆட்டத்தில் ஹவர்ட் தொடர்ந்து 13 வீச்சுகளைப் பிசகாமல் முடித்தார். கடைசியில் 34–23 என்று முத்திரை வைத்தது யார் என்று கவனித்தாயா? 33 யார்டிலிருந்து, அதே ஃபீல்டிங். அந்த இளைஞனுக்காக நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

வரும் பருவத்துக்கு உங்கள் புத்தகம் ஏறக்குறைய வெள்ளைத் தாள். ஹவர்ட், ஹெண்டர்சன், ஜட்கின்ஸ், எக்புக்கா எல்லோரும் போகிறார்கள். தற்காப்பின் முன்வரிசையில் நால்வரும் போகிறார்கள். தற்காப்பை வகுத்த ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்கும், தாக்குதலை வகுத்த சிப் கெல்லி லாஸ் வேகாஸுக்கும் போய்விட்டார்கள். ஸ்மித்தும் டவுன்ஸும் இருக்கிறார்கள் என்பதால் நீ நிம்மதியாகத் தூங்குகிறாய் போலிருக்கிறது. அவர்கள் இருவரையும் பற்றி நான் ஒரு வரியும் எழுதப் போவதில்லை. எழுதி என்ன ஆகப் போகிறது? ஆகஸ்ட் 30 அன்று டெக்சாஸ் கொலம்பஸுக்கு வருகிறது. அன்று மூன்றாம் டவுனில் இரண்டு யார்டு தேவைப்படும்போது உங்கள் ஆட்கள் நடுவில் ஓடுகிறார்களா, அப்படி ஓடினால் எவ்வளவு கிடைக்கிறது என்பதைத்தான் முதல் பக்கத்தில் குறிக்கப் போகிறேன். புதிய குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வீசியே தீர்க்க முடியாது.

நவம்பர் 29 அன்று ஆட்டம் இங்கே ஆன் ஆர்பரில். முழங்கால் ஒத்துழைத்தால் முதல் நாள் மாலையே வந்துவிடு. அரங்கில் படிகள் அதிகம், அதனால் அதிகம் ஏறி இறங்க வேண்டியிராத இடத்தில் இரண்டு சீட்டு கிடைக்குமா என்று இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் சோறு உண்டு. உன் பங்குக்கு நீயும் மிச்சிகனின் ஓட்டைகளை எழுதி அனுப்பு. எங்களுடையதை நீ கண்டுபிடிக்க நோட்டே தேவைப்படாது என்று உன் மனதில் ஓடுவது இங்கேயே கேட்கிறது.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன்
பாலு