பிரிக்ஸ்டன் நூலகமும் மாஸ்கோவில் படித்த நம்மவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டன் பிரிக்ஸ்டன் ரோடு 320ஆம் இலக்கத்தில் நூலகத்தோடு இயங்கும் ரஷ்ய, சோவியத் ஆய்வு ஒத்துழைப்புச் சங்கத்தை ‘புட்டினின் கடை’ என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். உக்ரைனில் குண்டு விழுவதைப் பார்த்து அவருக்கு வரும் கோபம் எனக்கும் வருகிறது. ஆனால் கல்லை ஆள் மாறி எறிகிறார்.

அது தூதரகத்தின் கிளை அல்ல. இங்கே பதிவு செய்த தொண்டு நிறுவனம். தொடங்கியது 1924இல், பிரிட்டன் சோவியத் அரசை அங்கீகரித்த அதே வருடம். தொடக்ககால உறுப்பினர்களில் பொருளியலாளர் கெய்ன்ஸ், எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப், தத்துவஞானி பெர்ட்ராண்ட் ரசல் எல்லாரும் உண்டு. இதில் ரசல் 1920இலேயே ரஷ்யா போய், லெனினை நேரில் சந்தித்துவிட்டு வந்து, அவருடைய கட்சியான போல்ஷெவிக்குகளைக் கிழித்து எழுதியவர். ஆமாம் சாமி போடுகிறவர் இல்லை.

சரி, சங்கம் எப்போதும் நடுநிலையாக இருந்ததா என்றால், இல்லை. ஸ்டாலின் காலத்தில் அங்கே மாஸ்கோவைக் கேள்வி கேட்டதைவிடப் புகழ்ந்ததுதான் கூடுதல். ஆனால் படித்த மனிதர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்று பார்க்கவாவது அந்தக் காலத்துச் சஞ்சிகைகளும் படங்களும் ஓரிடத்தில் இருக்கவேண்டாமா? நூலகத்தை மூடிவிட்டால் யாருக்கு இலாபம்?

சோவியத் என்றால் ரஷ்யா மட்டும் என்று நினைப்பதும் சரியில்லை. லண்டன் போர் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் 1999 மே 9இல் திறந்த சோவியத் போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. அது எழுவதற்கு முன்னின்று உழைத்ததும் இதே சங்கம்தான். அது நினைவுகூரும், இரண்டாம் உலகப் போரில் மாண்ட 2 கோடியே 70 லட்சம் சோவியத் மக்களில் உக்ரைன்காரர் எத்தனை லட்சம் பேர்!

நான் எழுத வந்த முக்கியமான விஷயம் வேறு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் புலமைப்பரிசில் பெற்று மாஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளைகள் கொஞ்சநஞ்சமல்ல. நானும் அப்படிப் போய் எந்திரவியல் படித்தவன். அப்புறம் இங்கே வந்து சேர்ந்த எங்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது; சிலர் போய்விட்டார்கள். பிள்ளைகளுக்கு ரஷ்ய மொழி தெரியாது. அப்பாவின் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது புத்தகங்கள் நேரே மறுசுழற்சித் தொட்டிக்குப் போகின்றன.

போடுவதற்கு முன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அச்சுக்கோக்கக் கொடுத்த தேதி, அச்சிட ஒப்பமிட்ட தேதி, எத்தனை பிரதி, எந்த அச்சகம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். விலை ரூபிள், கொபெக்கில் இருக்கும். மாஸ்கோவிலேயே அச்சான தமிழ்ப் புத்தகங்கள் கிடைத்தால் அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். விடுதியில் எடுத்த படங்கள், கடிதங்கள், மாணவர் அட்டை எல்லாம் புத்தகத்தைவிட முக்கியம். புத்தகத்துக்கு வேறு பிரதி இருக்கும், இவற்றுக்கு இருக்காது.

பெட்டியோடு போய் பிரிக்ஸ்டனில் இறக்கிவிடாதீர்கள். தங்களிடம் ஏற்கெனவே உள்ளதை நூலகங்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதில்லை; முதலில் பட்டியல் போட்டு எழுதிக் கேளுங்கள். அங்கே வேண்டாம் என்றால் தமிழ் நூல்களுக்கு வேறு இடம் தேடலாம். பட்டியல் போட ரஷ்ய எழுத்து வாசிக்க ஆள் வேண்டியவர்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதட்டும்; ஆசிரியர் அவர்களே, அதை எனக்கு அனுப்பிவையுங்கள். சனி, ஞாயிறில் வந்து உதவ முடியும், டூட்டிங்கிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரமென்றால்.

ஒரு பழைய லுமும்பா மாணவன்,
டூட்டிங், லண்டன்