பழைய பத்திர ஆபீஸ் கட்டடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்ப் பழைய சார்பதிவாளர் அலுவலகத்தை ஊர்ப் பொது மையமாக மாற்றும் வேலை, பின்புற மழைநீர் வடிகால் ஒன்று நீங்கலாக, முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையொப்பத்துடன் தனித் தாளாக இணைக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள தொகைகளை இங்கே திரும்பச் சொல்லாமல், மதிப்பீட்டைத் தாண்டி எங்கே, ஏன் செலவானது, எந்தெந்த முடிவுகளை உறுப்பினர்களைக் கேட்க அவகாசமின்றிக் குழுவே எடுக்க நேர்ந்தது என்பவற்றை மட்டும் எழுதுகிறோம்.

கோயில் வேலைக்குரிய ‘திருப்பணி’ என்ற சொல்லை அரசுக் கட்டடத்துக்கு வைக்கலாமா என்று இரண்டு உறுப்பினர்கள் எழுத்து மூலம் கேட்டிருந்தார்கள். பணமாகத் தர இயலாதவர்கள் ஆள்வேலையாகவும், டிராக்டர் நடையாகவும், வேலையாட்களுக்கு மதியச் சாப்பாடாகவும் தந்தது கும்பாபிஷேகத்துக்குத் தருகிற முறையில்தான். ரசீதிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லிப் பலர் கேட்டு வாங்கிப்போன பிறகு அச்சொல்லை மாற்ற எங்களுக்கு மனம் வரவில்லை.

முதலில் உரிமை பற்றி ஒரு தெளிவு. இந்த வட்டாரத்துக் கிரயமும் பாகப்பிரிவினையும் அடமானமும் உயிலும் பதிவான இக்கட்டடத்துக்கு, வேடிக்கை என்னவென்றால், தன் பெயரில் ஒரு பத்திரம் கிடையாது. அது நிற்பது சர்க்கார் புறம்போக்கில். பேரூராட்சித் தீர்மானத்தின்படி நமக்கு இருப்பது பராமரித்துப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே. விற்கவோ, அடமானம் வைக்கவோ, உள்வாடகைக்கு விடவோ இயலாது. முன்புறத்தில் நான்கு கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்ற யோசனையைக் குழு ஏற்காததற்கு இதுவே காரணம். இவ்வேலை நடந்த, அரசும் மக்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் பங்காகச் செலுத்தப்பட வேண்டும், அதை நன்கொடையாகவே திரட்டினோம், கடன் வாங்கவில்லை.

பெருஞ்செலவு மேல்தளத்தில்தான். தேக்குக் கட்டைகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக வைத்துச் சுண்ணாம்புக் காரையில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரையும் தட்டோடும் இட்ட, மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய தளம் அது. ஒழுகும்போதெல்லாம் முன்பிருந்தவர்கள் சிமெண்டைப் பூசி, பூசியதன்மேல் மீண்டும் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கவும் விடவும் செய்யும். மேலே சிமெண்ட் மூடிவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றிக் கட்டையின் முனைக்குத்தான் போய்ச் சேரும். எங்கள் முதல் மதிப்பீட்டிலும் ‘வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்தல்’ என்றே எழுதியிருந்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மேல்பூச்சை உடைத்துப் பார்த்த பிறகே, சுவருக்குள் நுழையும் இடத்தில் நான்கு கட்டைகள் மக்கிக் கிடந்தது தெரிந்தது. அவற்றின் முனைகளை அறுத்து, சுவரோரம் இரும்பு கர்டர் கொடுத்துத் தாங்கினோம். சிமெண்ட் முழுவதும் அகற்றப்பட்டதில் தளத்தின் பாரமும் குறைந்தது.

புதிய பூச்சு சுண்ணாம்பிலேயே செய்யப்பட்டது. சத்தியமங்கலம் மலைக் கடுக்காயையும் கவுந்தப்பாடி வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீர் விட்டுக் காரை அரைக்க, அந்த வேலை தெரிந்த முதிய கொத்தனார் ஒருவர் நம் பக்கத்திலேயே கிடைத்தது நற்பேறு. (பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற ஊர்ச் சரக்கு சுவருக்கும் போகிறதே என்று வெல்ல மண்டிக்காரர் விலையில் சிறிது விட்டுக்கொடுத்தார்.) ஆனால் நாங்கள் காலம் பார்க்கத் தவறினோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும் நாட்களில் பூச்சைத் தொடங்கியதால், அது இறுகுவதற்குள் காய்ந்து மயிரிழை மயிரிழையாக வெடித்தது. மேற்குப் பக்கம் முழுவதையும் சுரண்டியெடுத்து, நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு இரண்டாம் முறை பூச வேண்டியிருந்தது. கணக்கில் ‘மறுபூச்சு’ என்றுள்ள தொகை எங்கள் தவறுக்கான செலவு; ஒப்பந்ததாரரைக் குறை சொல்ல இடமில்லை.

சாய்தளத்திலும் மதிப்பீடு பொய்த்தது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சக்கர நாற்காலிக்கான அளவு. நம் கட்டடத்தின் அடித்தளம் தரையிலிருந்து இரண்டரை அடி. ஆகவே முப்பதடி நீளம் வேண்டும். வரைபடத்தில் பதினைந்தடிதான் இருந்தது. அதில் நாற்காலியை ஏற்ற இரண்டு பேர் தள்ள வேண்டியிருக்கும். நடக்க முடியாத பெரியவர்களை நாற்காலியோடு தூக்கிவந்து கைநாட்டு வாங்கிய அதே படியில் மறுபடியும் ஆளைத் தூக்கும்படி விடக்கூடாது என்பதால், பத்திர எழுத்தர்கள் தட்டச்சுப் பொறியுடன் உட்கார்ந்திருந்த வேப்பமரத்தைச் சுற்றி வளைத்து முழு நீளத்துக்கும் கட்டினோம். மரம் வெட்டப்படவில்லை.

பதிவேடுகள் இருந்த அறையைப் பற்றிக் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. நிலச் சொத்துப் பத்திரங்களுக்கான முதலாம் புத்தகமும், உயில்களுக்கான மூன்றாம் புத்தகமும் தீயிலும் கரையானிலும் அழிந்துவிடாதிருக்க, இரண்டடிச் சுவரும் இரும்புக் கதவுமாக, சன்னலே இல்லாமல் கட்டிய அறை அது. நூலகத்துக்கு அதுவே பொருத்தம் என்றனர் சிலர். காற்றில்லாத அறையில் பிள்ளைகளை உட்காரவைக்க முடியாது என்றனர் மற்றவர்கள். பொறியாளர் ஆலோசனைப்படி, ஆடிக்காற்றின் புழுதி படாத கிழக்குச் சுவரில் மட்டும் விட்டம் கொடுத்து ஒரு சன்னல் திறந்தோம். இரும்புக் கதவு அப்படியே இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் அதை இழுத்துச் சாத்தி விளையாடியதால், உள்ளிருந்தும் திறக்கும்படி தாழ்ப்பாள் மாற்றப்பட்டுள்ளது.

அதிகமான கடிதங்கள் வந்தது வாசல் சுவரைப் பற்றி. கைநாட்டு வைத்தவர்கள் வெளியே வரும்போது இடது கட்டைவிரல் மையைத் துடைத்த இடம், கதவுக்கு வலப்புறம், ஆள் இடுப்புயரத்தில் நீலமும் கறுப்புமாகப் படிந்திருக்கிறது. புதுச் சுவரில் அது அழுக்காகத் தெரிகிறது என்பது உண்மையே. ஆயினும் நம் வீடுகளில் பெரும்பாலானவற்றின் காடும் தோட்டமும் கைமாறியதற்கு நம் அப்பாருகளும் அம்மிச்சிகளும் விட்டுச்சென்ற சாட்சி அந்தக் கறைதான் என்று கருதி, ஒரு முழ அகலத்துக்குப் பூச்சும் வண்ணமும் இல்லாமல் விட்டிருக்கிறோம். கண்ணாடிச் சட்டம் போடலாம் என்ற யோசனையும் வந்தது. அது மிகையென்று விட்டுவிட்டோம்.

பயன்பாட்டு நேரம் இதற்குள்ளேயே சிக்கலாகிவிட்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் மாலையில் பெரிய கூடத்தில் அமர, அதே நேரம் முற்றத்தில் வள்ளி கும்மிப் பயிற்சி நடந்தது. கும்மி அடிப்பவர்களைச் சத்தமில்லாமல் அடிக்கச் சொல்ல இயலாது. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மாலைகள் கும்மிக்கு. அந்நாட்களில் படிப்பவர்களுக்குப் பதிவேட்டு அறை. இரண்டடிச் சுவர் சத்தத்தையும் தடுக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் காலை நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. வளைகாப்பு, சீர் போன்ற வீட்டு விசேஷங்களுக்கும், கட்சி, சாதிச் சங்கக் கூட்டங்களுக்கும் இடம் தருவதில்லை என்ற முடிவில் சிலருக்கு வருத்தமுண்டு. ஒருவருக்குத் தந்துவிட்டு அடுத்தவருக்கு மறுக்க எங்களால் முடியாது.

பின்புற வடிகால், பக்கத்துத் தோட்டத்துக்காரருடன் எல்லை அளந்து முடிந்ததும் ஐப்பசி மழைக்கு முன் கட்டப்படும். மேல்தளம் ஒரு பருவமழையைத் தாங்கிய பிறகே ஒப்பந்ததாரரின் பிடித்தத் தொகை விடுவிக்கப்படும். பற்றுச்சீட்டுகள் அனைத்தும் பதிவேட்டு அறை அலமாரியில் உள்ளன. உறுப்பினர் எவரும் காலை வேளையில் வந்து பார்க்கலாம்.

திருப்பணிக் குழு