மோர்ஸின் கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டிய அம்மாவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

தந்தியை உருவாக்கியவர்களில் ஒருவரான அமெரிக்கர் சாமுவேல் மோர்ஸின் கடிதங்களை நான் தமிழில் மொழிபெயர்த்த புத்தகத்தின் முதல் பகுதி நேற்று அச்சகத்துக்குப் போய்விட்டது. கடைசி மெய்ப்பை என் கண்ணாலேயே பார்த்தேன். எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்துக்குப் பக்கம் கண்ணுக்கு ஓய்வு கொடுத்துத்தான் பார்த்தேன், ஆனாலும் நானே பார்த்தேன். நடுவில் என் கண்ணுக்கு வந்த கஷ்டமெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை இங்கே மறுபடி எழுதவில்லை. நன்றி சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். இந்தச் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் போடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், அதனால் அம்மா என்றே எழுதுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறார். தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு முன்பின் தெரியாதவர். "இப்போதைக்கு ஒரு வரி படிக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்ட சமயத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"அம்மாடி, நீ மோர்ஸ் எழுதின கடுதாசியெல்லாம் தமிழ்ல போடுறியாமே. உனக்குக் கண்ணு சரியாகிற வரைக்கும் நான் படிச்சுக் காட்டட்டுமா? எனக்குப் பொழுது கிடக்கு."

இவ்வளவுதான் கேட்டார். நான் அழுதுவிட்டேன். கண் இருந்த நிலையில் அழக் கூடாதாம், அதற்கும் திட்டு வாங்கினேன்.

மோர்ஸின் காகிதங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 6,500 உருப்படிகளை, சுமார் 50,000 படங்களாக இணையத்தில் போட்டிருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தே யாரும் பார்க்கலாம். ஆனால் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. சாய்ந்த கையெழுத்து, மங்கிய மை, மறுபக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிவது, இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியது என்று ஒவ்வொரு தாளும் ஒரு மல்லுக்கட்டு. கண் நன்றாக இருந்தபோதே ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை எனக்குப் போய்விடும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "தந்தி ஃபாரத்துல ஊர் ஜனங்க எழுதினதையெல்லாம் படிச்சவ நான். அழுதுக்கிட்டே எழுதுவாங்க, கை நடுங்கும். அதைவிடவா இது?" என்றார். பேரனின் டேப்லெட்டில் பக்கத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார்.

அவர் வாசித்த விதத்தை எழுதியே ஆக வேண்டும். ஆட்பெயர், ஊர்ப்பெயர் வந்தால் நிறுத்தி, எழுத்து எழுத்தாகச் சொல்வார். எண்கள் வந்தால் கடிதம் முடிந்த பிறகு அத்தனையையும் வரிசையாகத் திரும்பச் சொல்வார். தந்தியில் எண் தப்பினால் ஒருவருடைய பணமோ ரயிலோ போய்விடும், அந்தப் பழக்கம் கையைவிட்டுப் போகவில்லை என்றார். படிக்க முடியாத சொல்லை ஊகித்துச் சொல்லவே மாட்டார். "இங்க ஒரு வார்த்தை தெரியல, இடம் விட்டுக்கோ" என்பார். நான் கேட்டுக்கேட்டுத் தமிழில் சொல்லிப் பதிவு செய்வேன், தங்கை மகள் பிறகு தட்டச்சு செய்வாள். சில கடிதங்களைக் கையெழுத்துப் படியிலிருந்தும், சிலவற்றை மோர்ஸின் மகன் எட்வர்ட் லிண்ட் மோர்ஸ் 1914 இல் இரண்டு தொகுதிகளாக அச்சிட்டதிலிருந்தும் வாசித்தார். அவர் எண்களைத் திருப்பிச் சொன்ன பதிவுகளை வைத்துத்தான் புத்தகத்தில் உள்ள தேதிகளை எல்லாம் சரிபார்த்தேன்.

1811 ஆகஸ்டில் லண்டனிலிருந்து எழுதிய கடிதத்தைத்தான் முதலில் கேட்டேன். மோர்ஸுக்கு அப்போது 20 வயது. ஓவியம் படிக்கக் கப்பலேறிப் போயிருக்கிறார், தந்தியெல்லாம் நினைப்பிலேயே இல்லை. நான் வந்து சேர்ந்தேனோ இல்லையோ என்று ஊரில் என் தாயார் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார், இந்தச் செய்தியை இந்தக் கணமே சொல்லிவிட ஆசையாக இருக்கிறது, ஆனால் 3,000 மைலை ஒரு கணத்தில் கடக்க முடியாதே, ஒருவர் செய்தி மற்றவருக்குத் தெரிய நாலு வாரம் ஆகுமே என்று எழுதுகிறார். பல வருடம் கழித்து அந்தக் கடிதத்தின் வெளிப்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது: இந்தக் கடிதத்திலேயே தந்திக்கான ஏக்கம் இருக்கிறது என்று. அம்மா அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். "இதைப் பத்திரமா எடுத்து வச்சிருந்தாங்களே, அந்த அப்பா அம்மாவச் சொல்லணும்" என்றார். எனக்கு அது தோன்றியதே இல்லை. மகனுக்குப் பேர் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னாலேயே அவன் கடிதங்களைச் சேர்த்து வைத்தது அந்த வீடு. அப்படி வைத்ததால்தான் நாம் இன்று படிக்கிறோம்.

1844 மே 24 ஆம் தேதித் தந்தியின் குறிகள் பதிந்த காகித நாடாவைத் திரையில் பார்த்தபோது அம்மாவுக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி மாளாது. நாடாளுமன்றம் கொடுத்த 30,000 டாலரில் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குக் கம்பி இழுத்து, முதல் செய்தியாக பைபிள் வாசகம் ஒன்றை அனுப்பினார்கள். ஆனி எல்ஸ்வொர்த் என்ற இளம்பெண் தேர்ந்தெடுத்துக் கொடுத்த வாசகம் அது. நாடாவின் மேலேயே மோர்ஸ் தன் கையால் நாள், கிழமை, காலை 8.45 என்ற நேரம், அந்தப் பெண்ணின் பெயர் எல்லாம் குறித்து வைத்திருக்கிறார். "நேரம் போட்டிருக்கார் பாரு! நேரம் போடாத தந்தி தந்தியே இல்ல" என்று அம்மா சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். அப்புறம் புள்ளிகளைப் படிக்கப் பார்த்துக் கொஞ்சம் திணறினார். நம் தந்தி ஆபீஸ்களில் இருந்தது பின்னால் திருத்தப்பட்ட சர்வதேசக் குறி. அதில் ஓ என்ற எழுத்துக்கு மூன்று கோடு. மோர்ஸின் பழைய குறியில் இடைவெளி விட்டு இரண்டு புள்ளி. அதைச் சொன்னதும் நாடா முழுவதையும் மேசையில் தட்டிக் காட்டினார். போனில் நான் கேட்டேன்.

ஆனால் நான் அவருக்குக் காலமெல்லாம் கடன்பட்டிருப்பது 1825 பிப்ரவரிக் கடிதங்களுக்காக.

மோர்ஸ் அப்போது நியூயார்க் நகரத்துக்காக பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தின் உருவப்படம் வரைய வாஷிங்டன் போயிருந்தார். (அந்தப் படம் இன்றும் நியூயார்க் நகர மன்றத்தில் இருக்கிறது.) மனைவி லுக்ரீசியா நியூ ஹேவனில், மூன்றாவது பிரசவம் முடிந்து சில வாரங்களே ஆன உடம்போடு இருந்தார். 8 ஆம் தேதி மோர்ஸ் மனைவிக்கு எழுதுகிறார்: நேற்று சாயங்காலம் சுகமாக வந்து சேர்ந்தேன். 10 ஆம் தேதி மறுபடி எழுதுகிறார்: முந்தின இரவு ஜனாதிபதி மாளிகை விருந்துக்குப் போனது, ஜனாதிபதியாகப் புதிதாகத் தேர்வான ஆடம்ஸுக்கு வாழ்த்துச் சொன்னது, தோற்ற ஜாக்சனே வந்து ஆடம்ஸின் கையைக் குலுக்கியது என்று உற்சாகமாக எழுதிவிட்டு, உன்னிடமிருந்து செய்தி வர ஏங்குகிறேன் என்கிறார்.

லுக்ரீசியா 7 ஆம் தேதியே இறந்துவிட்டார். 25 வயது.

அப்பா ஜெடிடையா மோர்ஸ் அதைச் சொல்லி எழுதிய கடிதத்தின் தேதியும் 8 தான். மகன் சுகமாக வந்து சேர்ந்தேன் என்று எழுதிய அதே நாளில், சுமார் 300 மைலுக்கு அப்பால், அப்பா இதை எழுதியிருக்கிறார். அது கைக்கு வந்து, மோர்ஸ் கோச்சு வண்டிகளில் வீடு போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது.

அப்பாவின் கடிதத்தை அம்மா வாசித்து முடித்து, வழக்கம்போல எண்களையும் திருப்பிச் சொன்னார். அப்புறம் சொன்னார்: "இந்தப் பெரியவர் செத்துப்போச்சுன்னே எழுதிட்டார் பாரு. நாங்க அடிச்ச தந்தியில யாரும் அப்படி எழுத மாட்டாங்க. 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி'ன்னுதான் எழுதுவாங்க. உயிர் போயிருக்கும், எனக்குத் தெரியும், எழுதினவரே சொல்லியிருப்பார். இருந்தாலும் சீரியஸ்னுதான் போடச் சொல்வாங்க. வர்ற பிள்ளை ரயில்ல ராத்திரி பூரா ஒரு நம்பிக்கையோட வரட்டும்னு."

எங்கள் தெருவில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினாலே, பிரிப்பதற்கு முன்னால் அழுகை ஆரம்பித்துவிடும். 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தும்வரை எத்தனை வீட்டில் எத்தனை 'சீரியஸ்'! அந்தச் சொல்லுக்குப் பின்னால் இப்படி ஓர் இரக்கம் இருந்ததை அனுப்பியவர் வாயாலேயே கேட்டேன். மோர்ஸ் அப்பாவின் கடிதத்தை அதற்குப் பிறகு நான் வேறு மாதிரி மொழிபெயர்த்தேன். அவர் மறைக்கவில்லை, நேராகச் சொல்லிவிட்டு மகனைத் தேற்றுகிறார். அந்த நேர்மை தமிழில் வரவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் அம்மாவிடம் வாசித்துக் காட்டித்தான் முடிவு செய்தேன்.

மனைவி இறந்த துக்கம்தான் மோர்ஸைத் தந்தி கண்டுபிடிக்க வைத்தது என்று பலரும் எழுதுகிறார்கள். நான் வாசித்த கடிதங்களில் அவர் அப்படிச் சொல்லவில்லை. அந்த யோசனை வந்தது ஏழு வருடம் கழித்து, 1832 இல், சல்லி என்ற கப்பலில், மின்காந்தம் பற்றிச் சாப்பாட்டு மேசையில் நடந்த பேச்சில். அந்தப் பெண்ணின் சாவைக் கண்டுபிடிப்புக்கு முன்கதையாக ஆக்க எனக்கு மனம் வரவில்லை. முன்னுரையில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே மோர்ஸ் 1835 இல் கத்தோலிக்கக் குடியேறிகளை நாட்டுக்கு எதிரான சதியாகச் சித்திரித்துப் புத்தகம் போட்டவர். 1836 இல் குடியேறிகளை எதிர்த்து நியூயார்க் மேயர் தேர்தலில் நின்று தோற்றவர். 1863 இல், உள்நாட்டுப் போர் நடக்கும்போது, அடிமை முறையை நியாயப்படுத்தி எழுதியவர். படிக்க நெஞ்சு கொதிக்கும். சிலர் என்னிடம், நல்ல கடிதங்களை மட்டும் போடலாமே என்றார்கள். அம்மாவிடம் கேட்டேன். "வந்த செய்திய வந்தபடி குடுக்கணும்மா. ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எனக்குப் பிடிக்காத தந்தி எத்தனையோ அடிச்சிருக்கேன்" என்றார். இரண்டாம் பகுதியில் அவையும் வரும். அவை எவ்வளவு தவறு என்று நான் தனியாக எழுதுவேன், ஆனால் ஒரு வரியும் விடமாட்டேன். இதை உங்கள் எல்லோர் முன்னாலும் வாக்காகவே கொடுக்கிறேன்.

இனி மற்றவர்கள். ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்கக் காத்திருந்த தம்பிமார், யார் கொடுத்தது என்று கடைசிவரை சொல்லாமல் பணம் கட்டியவர்கள், ரசமும் இட்லியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மேல்வீட்டு அக்கா, பதிவுகளைத் தட்டச்சு செய்த என் தங்கை மகள், தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தும் முகம் சுளிக்காத பதிப்பாளர், சொட்டு மருந்துக்கு நேரம் சொல்லி எழுப்பிய என் கணவர், கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்த டாக்டர், நர்ஸம்மாக்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். எழுதுவேன், கண்ணை இன்னும் கொஞ்சம் நம்பலாம் என்று ஆனதும்.

அம்மா, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டாமல் நீங்களே படிப்பீர்கள் என்று தெரியும். சாயங்காலமானால் உங்கள் போனுக்காக மனசு இன்னும் காத்திருக்கிறது. இப்போது நானே படிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள், ஆனாலும் இரண்டாம் பகுதியை நாம் சேர்ந்தே வாசிக்கலாமா? 1832 இலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்குத் தோதான நேரத்தைச் சொல்லுங்கள்.