சைபர் ஆயுதமும் ‘தேசப் பாதுகாப்பு’ என்ற பதிலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடுத்தவர் கணினிக்குள் புகுந்து வேவு பார்க்கவோ முடக்கவோ அரசாங்கங்கள் வைத்திருக்கும் சைபர் ஆயுதங்களைப் பற்றிப் போன வாரம் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். இதெல்லாம் ராணுவ ரகசியம், பொதுமக்கள் கேள்வி கேட்டாலே எதிரிக்குத்தான் லாபம் என்கிறார். ஏவுகணை என்றால் அவர் சொல்வது சரி. அது எங்கோ ஒரு கிடங்கில் பத்திரமாக இருக்கும். சைபர் ஆயுதத்தை மென்பொருளில் இருக்கும் ஒரு ஓட்டையை வைத்துத்தான் செய்கிறார்கள், அந்த ஓட்டை எதிரி நாட்டுக் கணினியில் மட்டும் இருக்காது, நம்ம வேலூர் ஆபீசர்ஸ் லைன் ஜெராக்ஸ் கடைக் கணினியிலும் அதே ஓட்டைதான் இருக்கும். ரகசியமாக வைத்திருப்பது என்றால் அதை அடைக்காமல் விட்டுவைப்பது என்றும் அர்த்தம். ஊர்க்காவல்காரனுக்குத் திருடன் புகும் வழி தெரிந்திருந்தும், நாளைக்கு நமக்கே உதவும் என்று வாயை மூடிக்கொண்ட கதைதான் இது.

வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் என்எஸ்ஏ உளவு அமைப்பு விண்டோஸில் இப்படி ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, ‘எட்டர்னல்புளூ’ என்ற கருவியைச் செய்து, ஐந்து வருடத்துக்கும் மேலாக ரகசியமாகப் பயன்படுத்திவந்தது என்று வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. கருவி களவு போன பிறகுதான் மைக்ரோசாஃப்ட்டுக்குத் தகவல் போனது. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைக்கும் பேட்ச் வெளியிட்டது, ஏப்ரலில் ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற கும்பல் அந்தக் கருவியை இணையத்தில் போட்டு உடைத்தது, மே 12 அன்று அதே கருவியை வைத்துப் பரவிய, கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னக்ரை வைரஸ். அதை ஏவிவிட்டது வட கொரியா என்று அமெரிக்கா பிற்பாடு குற்றம் சாட்டியது, ஆனால் உள்ளே இருந்த வெடிமருந்து யாருடையது என்பதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அப்போது நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கத்திரி வெயில் நேரம். திங்கட்கிழமை காலையில் கணினியைப் போட்டால் திரை முழுக்கச் சிவப்பாக ஒரு பெட்டி, 300 டாலரை பிட்காயினில் கட்டு என்று மிரட்டல், இடது ஓரத்தில் நேரம் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. பிட்காயின் என்றால் என்னவென்று எங்கள் முதலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டாலி கணக்கு மென்பொருளின் பேக்கப்பையும் அதே கணினியில்தான் வைத்திருந்தோம். கடைசியில் சப்ளையர்களிடம் ஒவ்வொரு பில்லாகக் கேட்டு வாங்கி, வருடக் கணக்கைத் திரும்ப ஏற்றினோம். டூப்ளிகேட் விண்டோஸ் போட்டது உங்கள் தப்புதானே என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், அது எங்கள் தப்பு. ஓட்டையைத் தெரிந்தே மறைத்தது யார் தப்பு?

பக்கத்து சித்தூரில் போலீஸ் கணினிகளே மாட்டிக்கொண்டன. இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாயின. இதை வேலூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கல்கத்தாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் காட்பாடியில் ரயிலிறங்கி, காந்தி ரோடு லாட்ஜில் ரூம் போட்டு, கையில் அப்பாயின்ட்மென்ட் சீட்டோடு சிஎம்சி மருத்துவமனை வாசலில் நிற்பவர்களிடம், கணினி ஓடவில்லை, போய்விட்டு அடுத்த மாதம் வாருங்கள் என்று சொன்னால் என்ன கதி? அடுத்த மாதமே, ஜூன் 27, அதே கருவி நாட்பெட்யா என்ற இன்னொரு வைரஸில் வந்தது. மெர்ஸ்க் கப்பல் கம்பெனி படுத்துவிட்டது, மும்பை ஜேஎன்பிடி துறைமுகத்தில் ஒரு முனையமே நின்றது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஏற்றுமதிக்காரர்களுக்கு மெர்ஸ்க் யாரென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அமெரிக்காவிலாவது, கண்டுபிடித்த ஓட்டையைச் சொல்லிவிடுவதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க ஒரு முறை இருக்கிறது, அதன் விதிகளை 2017 நவம்பரில் வெளியிட்டார்கள். குறை நிறைய உண்டு, ஆனாலும் காகிதத்தில் இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒன்றை யாராவது பார்த்ததுண்டா?

இங்கே நடப்பது வேறு. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் புகுந்ததாகச் செய்தி வந்தபோது, அக்டோபர் 29 அன்று நிலையத்தின் தரப்பில் இல்லவே இல்லை என்றார்கள். மறுநாளே அதை நடத்தும் இந்திய அணுமின் கழகம், நிர்வாக வேலைக்கான கணினி ஒன்றில் இருந்தது உண்மைதான், கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-லேயே சொல்லிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. உலைக்கு ஆபத்தில்லை என்றும் சொன்னார்கள், இருக்கலாம். முதல் நாள் மறுத்தவர்கள் இரண்டாம் நாள் சொல்வதை ஜனங்கள் எப்படி நம்புவார்கள்? அப்புறம் என்ன ஆயிற்று? 2023 நவம்பரில் அந்த செர்ட்-இன்னையே தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நம்மை எச்சரிக்க வேண்டிய அமைப்பு அது, உளவு அமைப்பு அல்ல.

போனை வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் விஷயத்திலும் இதே கதைதான். வாங்கினீர்களா, இல்லையா என்று உச்ச நீதிமன்றம் கேட்டும் விவரமான பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய அரசு மறுத்தது. தேசப் பாதுகாப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாவற்றிலிருந்தும் தப்பிவிட முடியாது என்று நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொல்லி, குழுவும் போட்டது. அந்தக் குழு 29 போன்களைப் பார்த்து, 5-இல் ஏதோ தீங்கான மென்பொருள் (மால்வேர்) இருப்பதாகச் சொன்னது, பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதைத் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் தெரிவித்தார். முழு அறிக்கை இன்னும் நம் கைக்கு வரவில்லை.

எந்த நாட்டின் எந்தக் கணினிக்குள் நம் ஆட்கள் புகுந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வேலூர், அரக்கோணம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் இரண்டே இரண்டு கேள்வி கேட்டால் போதும். நம் அமைப்புகள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தால், அதைக் கம்பெனியிடம் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார், எந்த விதிப்படி? செர்ட்-இன்னைத் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் திரும்பக் கொண்டுவருவீர்களா, மாட்டீர்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.