ஓட்டத்தோட டைமையும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஹட்டன் பக்கத்துல தோட்டத்து புள்ளைங்களுக்கு ஓட்டம் பழக்குறேன். கிரவுண்ட் 200 மீட்டர்தான், ஒரு பக்கம் மேடு, மழை பெஞ்சா அட்டை வேற. 1500 மீட்டர் ஓடுற ஒரு புள்ள எப்பவும் கடைசியில தள்ளாடும், எல்லாரும் சத்து பத்தலன்னாங்க, நான் போன்ல ரெண்டு ரவுண்டுக்கு ஒருக்கா டைம் எடுத்து கொப்பியில எழுதிப் பாத்தா முதல் 400 மீட்டர் 78 செக்கன், மூணாவது 400 மீட்டர் 99! சத்து இல்லங்க பிரச்சினை, ஆரம்பத்துலயே பாஞ்சுர்றா. முதல் 400ஐ 86க்கு ஓட வச்சோம், மொத்தத்துல 11 செக்கன் மிச்சம்.

காலையில எழும்புனதும் நாடித் துடிப்பையும் எண்ணி எழுதுவாங்க, வழமைய விட 7, 8 கூடுனா அன்னைக்கு லேசான ஓட்டம்தான். இதுக்கு பெரிய மெஷின் எதுவும் வேணாம்.

ஆனா நுவரெலியா 1868 மீட்டர் உசரம், மூச்சுக்கு ஒக்சிசன் கம்மி, அங்க ஓடுன 1500 மீட்டர் டைமை கொழும்பு சுகததாச ஸ்டேடியத்துல ஓடுன டைமோட அப்படியே வச்சுப் பாத்து புள்ளைய கழிக்கிறது எந்த ஊரு நியாயம்?

உங்க பேப்பர்லயும் யாரு முதலாவதுன்னு மட்டும் போடாம டைமையும் போடுங்க ஐயா, வெட்டி கொப்பியில ஒட்டிக்குவோம்.

ஒரு வாசகர்,
ஹட்டன்