நியூசிலாந்தின் டவுப்போ ஏரியில் உதவிய பெரியவருக்கு

பேர் கேட்க மறந்துவிட்டேன், ஐயா. படகின் பின்னால் கட்டி இழுத்த மிதவையிலிருந்து விழுந்த மகளை ஏற்றத் திரும்பியபோது, தொய்ந்த இழுகயிற்றை, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் எங்கள் ஜெட் படகு உறிஞ்சிக்கொண்டது. இன்ஜின் நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்யப் போனேன். "வேண்டாம், இன்னும் இறுகும்!" என்று உங்கள் படகிலிருந்தே கத்தினீர்கள்.

முதலில் மகளை ஏற்றிக்கொண்டு, அப்புறம் எங்களைக் கரைக்கு இழுத்து வந்தீர்கள். டிரெய்லருக்கு அடியில் ஈர மண்ணில் மல்லாந்து படுத்து, தண்ணீர் உள்வாங்கும் வாயின் கம்பித் தட்டியைக் கழற்றினீர்கள். சுழல்தண்டைக் கையால் பின்னோக்கிச் சுற்றி, சிக்கிய கயிற்றைக் கத்தியால் அறுத்து, துண்டு துண்டாக எடுத்தீர்கள். ஒரு மணி நேரம்! தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரில் ஒரு கீறல்கூட இல்லை. 1950களில் பொறியாளர் பில் ஹாமில்டன் ஜெட் படகை உருவாக்கிய நியூசிலாந்தில் அதன் குணம் அறிந்த உங்களைச் சந்தித்தது எங்கள் பாக்கியம்.

இப்போது கயிற்றைத் தொய்யவிடாமல் பிடிக்கவே ஓர் ஆள் உட்காருகிறார். மனமார்ந்த நன்றி, ஐயா.